கைக்குள் அடங்கும் கணிப்பொறியும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் வழங்கி வந்துள்ளது. இனி ஒரு பலகையும் வழங்க வேண்டும் என்று கேட்கவே இங்கு நிற்கிறோம். எழுதும் பலகை அன்று; கணிப்பொறிப் பலகை.

சீட்டுக்கட்டு அளவேயுள்ள ஓர் அட்டையில் முழுக் கணிப்பொறியும் அடங்கியுள்ளது. இவ்வகையில் பெயர் பெற்றது ராஸ்பெர்ரி பை. கல்லூரிக்கு வரும் மாணவர்கள் கணிப்பொறிக்கு ஆணை எழுதப் பழகாதவராய் வருகின்றனரே என்று கவலையுற்ற ஈபன் அப்டன் என்பாரும் அவர்தம் தோழர்களும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இதனை உருவாக்கினர். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 35 டாலர்.

அது ஆங்கில நாட்டின் கவலை. நம் கவலை வேறு. பள்ளிகள் சிலவற்றில் கணிப்பொறி அறை பூட்டியே கிடப்பதைக் கண்டிருக்கிறோம். திறந்தாலும் முதலில் காதில் விழுவது, "தொடாதே, கெட்டுவிடும்" என்பதே. 'தொடாதே' என்னும் சொல்லை நம் பாட்டன்மார் எங்கெங்குக் கேட்டனர் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டுவதில்லை. அச்சொல்லைக் கேட்ட வீட்டுப் பிள்ளை கையை இழுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

இப்பலகையிலோ இயக்க மென்பொருள் விரல்நுனி அளவுள்ள நினைவக அட்டையில் இருக்கிறது. பிள்ளை எதையேனும் மாற்றி எல்லாம் குலைந்தாலும், அவ்வட்டையில் மீண்டும் எழுதினால் பழைய நிலை திரும்பிவிடும். மின்னிணைப்பில் மட்டும் கவனம் வேண்டும், ஊசிகளில் 3.3 வோல்ட்டுக்கு மிகுந்து செலுத்தினால் பலகை பழுதாகும்.

உலகெங்கும் பொழுதுபோக்காக இதில் மென்பொருள் எழுதுவோர் பலர். பைதான் மொழியில் சில வரிகள் எழுதினால் சிறு விளக்கு எரிந்து அணையும். அதே முறையில், மண்ணின் ஈரம் குறைந்தால் மணியடிக்கும் கருவியும் செய்யலாம். மழையை நம்பிக் கடலை விதைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டன்று. இணைய இணைப்பில்லாத சிற்றூரிலும் கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் வழியே தமிழ் விக்கிப்பீடியாவை இதில் ஏற்றிப் படிக்கலாம். பெங்களூரின் குடிசைப் பகுதியொன்றில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அம்பேத்கர் பெயரிலேயே சமுதாயக் கணிப்பொறி மையம் அமைத்தனர். அங்குச் சிறுவர்கள் கிம்ப் என்னும் மென்பொருளில் ஓவியம் வரைந்தனர்.

கருவியைக் கண்டு அஞ்சாத மரபு நம் மாவட்டத்திலேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், கல்லுடைத்த பெண்களும் வயலில் உழைத்த பெண்களும் மிதிவண்டி பயின்றனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களின் வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பியோரும் உண்டு! வண்டி செய்தவர் எண்ணிப் பாராத பயன் அது.

செலவு பலகையோடு முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசைப்பலகை, மின்னூட்டி, நினைவக அட்டை ஆகியவை தேவை. திரைக்குத் தட்டையான பழைய தொலைக்காட்சிப் பெட்டி போதும். ஒன்று இருந்தால் பத்துப் பேர் முறைவைத்துப் பயிலலாம். அதனை நம் இரவுப் பாடசாலையில் வைத்து, அறையின் சாவியை ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவரிடம் ஒப்படைக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். சனிக்கிழமை மாலைதோறும் நாமும் வந்து உடன் அமர்வோம்.