முழுமையாக எழுதிக் காட்டுவோம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மாலை வகுப்பில், கணிப்பொறி மொழி பயில வந்த ஒரு மாணவியைக் கண்டோம். பழைய நூல் ஒன்றிலிருந்த பைத்தான் நிரலை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தாள். கணிப்பொறி பிழை என்றது. மும்முறை முயன்றபின், "இது எனக்கு வராது, ஐயா" என்று எழுந்துவிட்டாள்.

பிழை அவளுடையதன்று. 2008ஆம் ஆண்டில் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, 'பிரிண்ட்' என்னும் சொல்லுக்குப்பின் அடைப்புக்குறி இடுவது கட்டாயமாயிற்று. அந்நூலோ இரண்டாம் பதிப்பிற்கு உரியது. வகுப்பிலிருந்த இளைஞர் ஒருவர் அடைப்புக்குறி இட்டார், நிரல் ஓடிற்று, அவள் மீண்டும் அமர்ந்தாள். ஐம்பது வயதைக் கடந்த நாமும் அன்றுதான் இதனைக் கற்றோம்.

கற்றவர் உள்ள வீட்டில் தமையனோ தந்தையோ இக்குறையை எடுத்துரைப்பர். முதல் தலைமுறையாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கேட்க ஆளில்லை. ஆதலால் நூலின் குறையைத் தம் அறிவின் குறையென்று எண்ணிவிடுகின்றனர்.

கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட 'சி' மொழி நூலைப் பாருங்கள். அதன் முதல் நிரல் 'ஹலோ, வேர்ல்ட்' என்னும் இரு சொற்களை அச்சிடுவது மட்டுமே. ஆயினும் அது முழு நிரல். இயக்கும் முறையும் உடன் கூறப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் யாவும் நூலின் கணிப்பொறிப் படியிலிருந்தே நேராகச் சோதிக்கப்பட்டவை என்று முன்னுரை உரைக்கிறது. அம்மொழியை ஆக்கிய ரிட்சியே இத்துணைப் பொறுமை காட்டினார்.

இளைஞர்களே! இளையோருக்கு நீங்கள் குறிப்பு எழுதுங்கால் நிரலைத் துண்டாகத் தராதீர்கள். தலைப்பில் வரவேண்டிய 'இம்போர்ட்' வரிகளையும், பதிப்பு எண்ணையும், வரவேண்டிய விடையையும் சேர்த்தே எழுதுங்கள். பைத்தானில் வரியின் தொடக்கத்து இடைவெளியும் இலக்கணமே. அச்சில் அது சிதையாமல் காத்திடுங்கள். வளைந்த மேற்கோள் குறி அச்சுக்கு அழகு; கணிப்பொறி அதனை ஏற்காது. எழுதி முடித்தபின், அத்தாளை ஒன்றும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, வேறொரு கணிப்பொறியில் இயக்கச் சொல்லுங்கள். வாய் திறவாமல் அருகே நில்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் உங்கள் குறிப்பைத் திருத்துங்கள்.

அரைகுறையாகக் கற்பித்தலும் ஒருவகைக் கதவடைப்பே. பிறர் நமக்கு அடைத்த கதவுகள் போதும். நம் பிள்ளைகளுக்கு நாமே ஒன்றை அடைக்க வேண்டா.

வளர்க சங்கம்! வாழ்க கல்வி!