கையெழுத்து வைக்கும் முன்: டோஹா போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத்தினரும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். துணி துவைக்க, விறகு கட்ட, சந்தைக்குப் போக உங்களுக்கு இருப்பது இந்த ஒரே நாள். அதில் இரண்டு மணி நேரத்தைச் சங்கத்துக்குத் தந்திருக்கிறீர்கள். ஆகவே நேரடியாக விஷயத்துக்கு வருகிறோம்.

பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கிறவர்களின் வரிசை வருடா வருடம் குறைகிறது. இளம் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். அங்கிருந்து டோஹா, டுபாய், குவைத் என்று போகிறார்கள். போவது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. நமது பாட்டன் பூட்டன்மாரும் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்தவர்கள்தான். போகிற பிள்ளை எந்தக் காகிதத்தை நம்பிப் போகிறது, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். டோஹாவில் ஒரு சுத்திகரிப்புக் கம்பனியில் வேலை. மாதம் 1,400 ரியால் என்று ஏஜென்ட் வாயால் சொல்லியிருந்தார். தம்பி கையில் ஒப்பந்தத்தின் பிரதி இருந்தது. தாளின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் அரபு. கீழே தம்பியின் கையெழுத்து, அதுவும் தமிழில். அந்தத் தாளில் இருந்த தமிழ் அது ஒன்றுதான்.

ஆங்கிலப் பக்கத்தை நாங்கள் வாசித்தோம். அதில் 1,200 என்று இருந்தது. அரபுப் பக்கத்தை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டவுன் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போய் மௌலவியிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக வாசித்துவிட்டு, "இதில் ஆயிரம் என்றுதானே போட்டிருக்கு, தம்பி" என்றார். ஆக, வாயில் ஒரு சம்பளம், ஆங்கிலத்தில் ஒரு சம்பளம், அரபியில் ஒரு சம்பளம்.

தோழர்களே, இந்த மூன்றில் எது செல்லும்? கட்டாரின் 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் அரபு மொழியில் இருக்க வேண்டும். வேறு மொழியில் மொழிபெயர்ப்பை இணைக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அரபு வாசகமே செல்லும். ஏஜென்ட் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

டோஹா இரண்டு மொழி நகரம். வீதிப் பெயர்ப் பலகை, மெட்ரோ ரயில், ஆஸ்பத்திரி, எங்கே பார்த்தாலும் அரபியும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சட்டத்தின் மொழி அரபு. கம்பனியிலும் கடையிலும் பெரும்பாலும் ஆங்கிலம் ஓடும். தங்குமிடத்தில் இந்தியும் மலையாளமும் கேட்கும், தமிழும் சிங்களமும் கேட்கும். அதனால் போன புதிதில் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வருகிறது. "மொழிப் பிரச்சினை இல்லை அம்மா, எல்லாரும் தமிழ் பேசுறாங்க" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அறையில் பிரச்சினை இல்லைதான். கையெழுத்து வைக்கிற மேசையில் அறைத் தோழர்கள் இருக்க மாட்டார்கள்.

மொழி புரியாமல் கையெழுத்து வைத்த அனுபவம் நமக்குப் புதிதா? 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதப்பட்டது. எழுதப்பட்ட பிறகும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலையாத குடும்பம் இந்த மண்டபத்தில் எத்தனை? நம் சொந்த நாட்டிலேயே இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் நாம். அதை டோஹாவுக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. வயதானவர்கள் துண்டு என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலை கிடையாது. கடனைக் கட்டும்வரை ஆள் கட்டுப்பட்டவர். 1921 இல் அது தடை செய்யப்பட்டது. கட்டாரில் வேறு கம்பனிக்கு மாற வேண்டுமானால் பழைய முதலாளியின் ஆட்சேபனையில்லாக் கடிதம் வேண்டும் என்ற விதி 2020 வரை இருந்தது. துண்டு ஒழிந்து 99 வருடத்துக்குப் பிறகுதான் அங்கே அந்த விதி போனது. சட்டத்தில் போனது என்பதும், எல்லா முதலாளிமாரும் மனதால் விட்டுவிட்டார்கள் என்பதும் வேறு வேறு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சம்பளத்துக்கு வருவோம். ஆயிரம் என்ற சொல்லுக்காக நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. அதே மார்ச் மாதம் 20 ஆம் திகதி கட்டாரிலும் ஓர் ஆயிரம் நடைமுறைக்கு வந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும், சாப்பாடு தராவிட்டால் 300 ரியாலும் அதற்கு மேலே தர வேண்டும். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இதற்குக் குறைவாக ஒருவர் பேரம் பேசினால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள்.

அரபு தெரியாவிட்டாலும் அரபு இலக்கத்தைப் படித்துக்கொள்ளலாம். பத்தே இலக்கம். ஒன்று என்பது ஒரு நிமிர்ந்த கோடு. பூச்சியம் ஒரு புள்ளி. ஆயிரம் என்றால் ஒரு கோடு, மூன்று புள்ளி. ஐந்து நமது பூச்சியத்தைப் போல வட்டமாக இருக்கும். ஆறு நமது ஏழைப் போல இருக்கும். இந்த இரண்டிலும்தான் ஏமாறுவது. இலக்கம் மட்டும் நாம் எழுதுவது போலவே இடமிருந்து வலமாகப் போகும். கூடவே நாலு சொல்லும் தெரிந்திருக்கட்டும்: ராத்திப் என்றால் சம்பளம், அக்த் என்றால் ஒப்பந்தம், இஜாஸா என்றால் லீவு, ஜவாஸ் என்றால் கடவுச்சீட்டு.

கடவுச்சீட்டு என்றதும் ஒரு விஷயம். 1948 இல் குடியுரிமை பறிபோன சமூகம் நாம். அந்தச் சிறு புத்தகத்தின் பெறுமதி நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? கட்டாரின் 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி, வதிவிட அனுமதி வேலை முடிந்ததும் முதலாளி கடவுச்சீட்டைத் தொழிலாளியிடம் திருப்பித் தர வேண்டும். மீறினால் 25,000 ரியால் வரை தண்டம். தொழிலாளியே எழுத்தில் கேட்டுக்கொண்டால் மட்டும் முதலாளி வைத்திருக்கலாம். அங்கேதான் கவனம் வேண்டும். போய் இறங்கியதும் நாலைந்து தாளை நீட்டி, "இது சும்மா, சைன் பண்ணு" என்பார்கள். அதில் ஒரு தாள், "என் கடவுச்சீட்டை நீங்களே வைத்திருங்கள்" என்று நீங்கள் கேட்பதாகவும் இருக்கலாம்.

சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்கிறோம். வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்டில் 2017 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. கிழமைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு. வருடத்துக்கு மூன்று கிழமை லீவு. வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம் பணிக்கொடை. இதைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டுக்குள் சட்டப் புத்தகம் இருக்காது. உங்கள் ஞாபகம்தான் அங்கே சட்டப் புத்தகம்.

அங்கே இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டாரில் வெளிநாட்டுத் தொழிலாளர் தொழிற்சங்கம் அமைக்க முடியாது. இங்கே கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டால் அன்று பின்னேரமே தலைவரிடம் சொல்லலாம், கூட்டம் கூடலாம், வேலையை நிறுத்தலாம். அங்கே அந்தக் கதவு இல்லை. ஆகவே போகிற பிள்ளைக்குச் சங்கம் இங்கேயே இருந்து காவல் நிற்க வேண்டும்.

அதற்கு நான்கு காரியம் கேட்கிறோம்.

ஒன்று, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் ஒருவரும் போகக் கூடாது. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள்.

இரண்டு, கையெழுத்து வைக்கும் முன் ஒப்பந்தத்தின் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். அரபுப் பக்கத்தை வாசிக்கவும் தமிழில் எழுதித் தரவும் நாங்கள் ஆள் ஒழுங்கு செய்கிறோம். மௌலவி தாமும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று, ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா மூன்றினதும் பிரதி வீட்டில் ஒன்று, கிளையில் ஒன்று இருக்க வேண்டும். ஒரு பிரச்சினை என்றால் முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்கள்தான். "மகள் டோஹாவில எங்கேயோ இருக்கா" என்று அழுதுகொண்டு வருகிற தாயிடம் முகவரி இல்லாவிட்டால் எவ்வளவு ஓடினாலும் பிரயோசனம் குறைவு.

நான்கு, தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளை அந்த லயம் முழுவதும் தன் பிள்ளையாகப் பார்க்க வேண்டும். பாட்டியின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது.

அந்தத் தம்பியின் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவரோடு நாங்களும் ஏஜென்சிக்குப் போனோம். முதலில் அச்சுப் பிழை என்றார்கள். பிழை என்றால் திருத்துங்கள் என்று உட்கார்ந்துவிட்டோம். மூன்று கிழமை தாமதம். இரண்டு பக்கத்திலும் 1,200 என்று திருத்திய தாள் வந்தது. 1,400 வரவில்லை. தம்பி யோசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். போன மாதம் விமானம் ஏறினார். ஏறும்போது, தான் எவ்வளவுக்குப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவ்வளவையாவது போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் உறுதி செய்வோம். அடுத்த ஞாயிறு இதே மண்டபத்தில் அரபு இலக்க வகுப்பு ஆரம்பம். கொப்பியும் பேனையும் கொண்டு வாருங்கள். போகாதவர்களும் வாருங்கள், வருகிற தாளை வீட்டில் வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.