வள்ளத்துக்குக் கைவைத்தியம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எஞ்சினியர் பேசப் போகிறார் என்றதும் ராக்கெட், கம்ப்யூட்டர் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வள்ளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். புதுக்கோட்டை என்றால் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நமக்குச் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரையும் உண்டு. மேல்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கப் படகு வைத்திருப்பவருக்குக்கூட, தானே பழுது பார்த்துக்கொள்ள விதவிதமாகக் கையேடுகள் இருக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்காகப் படகு வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அந்த விஷயங்கள் போய்ச் சேர வேண்டாமா?

நம்ம கடலில் எஞ்சின் நின்றால் அது வெறும் செலவுக் கணக்கு இல்லை. பாக் விரிகுடாவில் 1974-ல் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு வகுத்துக்கொண்டன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எஞ்சின் நின்ற வள்ளம் கரைக்கு வராது. கிழக்கே, கோட்டை நோக்கித்தான் போகும். தாண்டிவிட்டால் ஆளுக்குச் சிறை, படகு பறிமுதல். இருபது ரூபாய் சாமான் ஒன்று கையில் இல்லாததால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரலாம்.

ஆகவே முதல் விஷயம் நங்கூரம். நம் விரிகுடா ஆழமில்லாதது. பெரும்பாலான இடங்களில் 8 பாகத்துக்குள்தான். அதனால் எஞ்சின் நின்றதும் நங்கூரம் போட்டு நின்றுகொள்ள முடியும். இது நமக்கு இயற்கை கொடுத்த வசதி. ஆனால் கயிறு போதாவிட்டால் நங்கூரம் மண்ணில் பிடிக்காமல் இழுபடும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது கயிறு வேண்டும். 8 பாகத்துக்கு 40 பாகம். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி கோத்துவிட்டால், இழுவிசை மேல்நோக்கிப் போகாமல் தரையோடு போகும். கொக்கி ஆழமாகப் பதியும். பிளஸ் டூ பிசிக்ஸ்தான், வேறொன்றுமில்லை.

இரண்டாவது, ஃபைபர் விரிசல். மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் விரிசல் மறையும், போகாது. விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஃபைபரின் தடிப்பு 5 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர், அதாவது 12 மடங்கு சரிவு. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே மேட் ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டியது நிற்காது. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் போதும். நம்ம ஊர் வெயிலுக்குக் குறைந்த அளவே சரி. வேலையை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தடவி முடிப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சோம்பல்படாதீர்கள்.

மூன்றாவது எஞ்சின். அவுட்போர்டு எஞ்சினை ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் வைத்து ஓட விடுங்கள். உள்ளே உப்பு படிந்தால் தண்ணீர்ப் பாதை அடைபடும். ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நின்றுவிட்டால் உடனே எஞ்சினை அணைத்து, பிளாஸ்டிக் பை ஏதும் அடைத்திருக்கிறதா பாருங்கள். அவ்வப்போது புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் சுற்றிக்கொண்ட தங்கூசி நரம்பு சீலை அறுத்துவிட்டால் கியருக்குள் தண்ணீர் இறங்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சந்தேகமா? கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

எஞ்சின் கடலில் விழுந்துவிட்டால்? எடுத்ததும் வெயிலில் காயப் போடுவார்கள். அதுதான் எமன். உப்பு உள்ளேயே காய்ந்து துருப்பிடிக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, உள்ளே எண்ணெய் விட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும்.

எஞ்சினின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் போவதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். மின்வேதியியல் பாடத்தில் படித்ததை நேரில் பார்க்க வேண்டுமானால் கோட்டைப்பட்டினம் போங்கள், தம்பிகளே!

கடைசியாக, மூடி இறுக்கமான ஒரு டப்பா. அதில் பிளக் இரண்டு, புரொப்பல்லர் பின், ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், டார்ச், விசில். மூடியின் உள்பக்கம் 1554 என்று எழுதி ஒட்டுங்கள். அது கடலோரக் காவல் படையின் அவசர எண். கரையில் இருக்கும் வீட்டாருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஆட்களும் ஊரில் இருப்பார்கள். அப்போது நம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கடலோர ஊர்களில் இரண்டு நாள் பயிற்சி நடத்தலாமே! ரெசினும் மேட்டும் வாங்கும் செலவில் என் பங்கைத் தர நான் தயார். அங்கே நாம் சொல்லிக் கொடுப்பதைவிடக் கற்றுக்கொள்வது அதிகமாக இருக்கும். பஞ்சும் குங்கிலியமும் வைத்து மர வள்ளத்தின் இடுக்கை அடைத்த பெரியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.