தொலைபேசியில் ஒரு செவி

2022-23ஆம் ஆண்டின் மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொலைவழி மனநலத் திட்டம், 'டெலி-மானஸ்' என்னும் பெயரில் உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்றது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் அதன் தலைமை மையம். 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கன்னடத்திலும் தமிழிலும் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் கேட்கிறார். தேவையெனில் மருத்துவரிடம் இணைக்கிறார்.

தேர்வில் தவறிய மாணவன் மனநல மருத்துவமனையின் வாசலை மிதிக்கக் கூசுவான்; முகமறியாதவரிடம் மனம் திறப்பான். ஆனால், வீட்டிலுள்ள ஒரே கைபேசி தந்தையின் சட்டைப்பையில் இருக்குமாயின், அவன் தங்கை எவ்வாறு பேசுவாள்? கட்டணம் நீங்கியதால் தடை நீங்கிவிடவில்லை. பள்ளிதோறும், தலைமையாசிரியரின் மேசைமீது அல்லாமல் தனியறையில், ஒரு தொலைபேசி வைக்க ஆகும் செலவு சொற்பமே.