செவியறிந்து ஒலியடக்குதல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அடியேன் விஞ்ஞானம் கற்றவனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராய் இருப்பவன். கூட்ஸ் யார்டை அடுத்த குடியிருப்பில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, இரைச்சலை நன்கு அறிந்தவன் என்னும் ஒரே தகுதியுடன் பேச முற்படுகின்றேன்.

ஒலியை ஒலியாலேயே அடக்கலாம். ஒலி என்பது காற்றில் எழும் அலை. ஓர் அலையின் முகடு எழும் இடத்தில் மற்றோர் அலையின் பள்ளம் வந்து பொருந்துமாயின் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பவுல் லூயெக் என்னும் ஜெர்மானியர் 1936-ஆம் ஆண்டில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் மைந்தர் அமர் போஸ், 1978-இல் விமானப் பயணத்தின்போது இதனைச் சிந்தித்தார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்போனை வெளியிட்டது.

விநாடிக்கு 100 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், 3,400 அதிர்வுடையதோ 10 சென்டிமீட்டரே. ஆகவே எஞ்சினின் ஆழ்ந்த உறுமலை அடக்குவது எளிது. கிறீச்சொலியை அடக்குவது அரிது. சிறிது பிசகினும் முகட்டோடு முகடு கூடி இரைச்சல் பெருகிவிடும்.

இங்கேதான் செவியின் இயல்பை நோக்க வேண்டும். எல்லா ஒலிகளையும் செவி ஒரே தரமாய்க் கேட்பதில்லை என்பதை பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் அளந்து காட்டினர். 3,000, 4,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளுக்குச் செவி மிகக் கூர்மையுடையது. ஆழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. அளவுமானியின் எண்ணை மட்டும் குறைக்க முயலும் கருவி, செவிக்கு அரிதாய்க் கேட்கும் உறுமலில் தன் ஆற்றலைச் செலவிட்டு, நம்மை வருத்தும் ஒலியை விட்டுவிடக்கூடும். மேலும், பேரொலி சிற்றொலியை மறைக்கும். பேரொலி நீங்கின், மறைந்திருந்தது வெளிப்பட்டு உறுத்தும். ஆதலின் எஞ்சிய ஒலியை மைக் வாயிலாகப் பெற்று, செவியின் இயல்புக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் நிறுத்தபின்னரே திருத்துமாறு கருவியை அமைக்கும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது.

அன்பர்களே, சென்ற ஆண்டு என் மகன் ஹெட்போன் அணிந்தவாறே தண்டவாளத்தைக் கடந்தான். எஞ்சின் ஹாரன் ஒலித்தது; அவன் திரும்பவில்லை. கேங்மேன் ஒருவர் ஓடிவந்து கையைப் பற்றி இழுத்தார். செவியை மூடிய மெத்தையும், அதனுள் ஒலித்த பாட்டும் ஹாரனை மறைத்துவிட்டன. கருவியில் பழுது ஒன்றுமில்லை. எதை அடக்குவது, எதை விடுவது என்று அதற்குச் சொல்வார்தாம் இல்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை.

பல மொழிகள் ஒலிக்கும் இந்நகர்ச் சந்தையில், எங்கோ ஒருவர் "அண்ணா" என்றழைத்தால் நம் தலை தானே திரும்புகின்றது. அத்தகைய செவியை அளவுகோலாகக் கொண்டு கருவி அமைப்போரே நமக்கு மெய்யான அமைதியை நல்குவர். அவ்வமைதியிலும் எச்சரிக்கைக்கு ஒரு வாயில் திறந்திருத்தல் வேண்டும்.