முதலில் நூல், பின்னர் திரை

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

திரைப்படமாக வரும் கதையைப் படம் பார்க்கும் முன்னரே வாசிக்க வேண்டுமா என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். முடிவு தெரிந்தபின் படம் பார்ப்பதில் என்ன சுவை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் கதை நமக்கு எதற்கு என்று பெரியோர்கள் கேட்கவும் கூடும். இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே கதையை முன்வைத்து விடை கூற முயல்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் சுசான் கொலின்ஸ் இளைஞர்களுக்கென எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்' என்பதே அக்கதை. 'பசி விளையாட்டு' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். முதற் பாகம் 2008இலும், அடுத்த இரண்டு பாகங்கள் 2009, 2010ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. கரி றொஸ் நெறிப்படுத்திய முதற் படம் 2012 மார்ச்சில் திரைக்கு வந்தது.

கதை நிகழும் நாட்டின் பெயர் பனெம். வட அமெரிக்காவின் அழிவின்மேல் எழுந்த நாடு அது. செல்வம் கொழிக்கும் தலைநகர் ஒன்று. அதற்கு உழைத்துக் கொடுக்கும் மாவட்டங்கள் பன்னிரண்டு. முன்னொரு காலத்தில் கலகம் செய்தமைக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயது வரையுள்ள ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கித் தெரிந்து அனுப்ப வேண்டும். அந்த 24 பிள்ளைகளும் ஒருவர் மட்டும் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பனெம் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பாண் என்பது பொருள். உண்ணப் பாணும் பார்க்கக் கேளிக்கையும் கிடைத்தால் போதுமென்று கிடந்த உரோமாபுரி மக்களை யுவெனல் என்னும் புலவர் எள்ளி நகையாடினார். நாட்டின் பெயர் அங்கிருந்து வந்ததே.

இக்கதை தமக்கு எவ்வாறு தோன்றியதென்று கொலின்ஸ் அம்மையார் கூறியிருக்கிறார். ஓரிரவு தொலைக்காட்சியை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, ஓர் அலைவரிசையில் இளைஞர்கள் கலந்துகொள்ளும் போட்டி நிகழ்ச்சி. மற்றொன்றில் ஈராக் யுத்தம். இரண்டும் அவர் மனத்தில் ஒன்றாய்க் கலந்தன. ஆகவே இது கொலையைப் பற்றிய கதை மட்டுமன்று. கொலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றிய கதையுமாகும்.

நிற்க. நூல் முழுவதையும் கற்னிஸ் என்னும் பதினாறு வயதுப் பெண்ணே தன் வாயால் சொல்கிறாள். அவளுடைய பசி நமக்குப் பசிக்கிறது. வீட்டில் உணவில்லாத பிள்ளை, ஓராண்டுக்குச் சிறிது தானியமும் எண்ணெயும் பெறுவதற்காகத் தன் பெயரை இன்னொரு முறை சீட்டுப் பெட்டியில் இடலாம். அவ்வாறு இட்டு இட்டுக் கற்னிஸின் பெயர் இருபது முறையும், அவள் நண்பன் கேலின் பெயர் நாற்பத்திரண்டு முறையும் பெட்டிக்குள் கிடக்கின்றன. சீட்டு எல்லாருக்கும் பொது. ஆனால் ஏழைக்கே சீட்டு அதிகம். நூலில் நெஞ்சைச் சுடும் இச்செய்தி, படத்தில் ஓரிரு வார்த்தைகளில் கடந்து போய்விடுகிறது.

படம் செய்யும் நன்மையையும் மறைத்தல் தகாது. றூ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி இறந்தபின், அவளுடைய வறிய மாவட்டம் கற்னிஸுக்கு ஒரு பாண் அனுப்புவதாக நூல் சொல்கிறது. படத்திலோ அம்மாவட்டத்து மக்கள் கொதித்தெழுகின்றனர். கற்னிஸின் கண்ணுக்கு எட்டாததை நூல் காட்ட இயலாது. கமராவுக்கு அது எளிது. ஆயினும் அந்தக் கமராவே நம்மை எங்கே இருத்துகிறது என்பதுதான் என் கேள்வி.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். நூலை வாசித்து முடித்த பின்னர், நண்பர்கள் சிலருடன் கூடி அப்படத்தைப் பார்த்தேன். குளோவ் என்னும் பெண் கற்னிஸை நிலத்தில் வீழ்த்திக் கத்தியை ஓங்கி, இறந்த றூவை ஏளனம் செய்கிறாள். றூவின் மாவட்டத்தானாகிய திறெஷ் பாய்ந்து வந்து அவளை மோதிக் கொல்கிறான். அறையில் கைதட்டல் எழுந்தது. என் கைகளும் சேர்ந்தே தட்டின. மறுகணம் நூலின் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அதில், இறந்துகொண்டிருக்கும் குளோவின் அருகே கேற்றோ முழந்தாளிட்டு, தன்னை விட்டுப் போக வேண்டாமென்று மன்றாடுகிறான். கொடியவன் என்று நாம் எண்ணியிருந்தவன் அவன். படத்தில் அக்காட்சி இல்லை. குளோவும் சீட்டில் அகப்படக்கூடிய வயதுடைய ஒரு பிள்ளைதான். அவளுடைய சாவுக்கு நான் கைதட்டியிருந்தேன். பனெம் தலைநகரத்தாரின் ஆசனத்தில் நானும் அமர்ந்திருந்தேன். வாசித்திராவிடின் அதை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

பெரியோர்களே! இது நமக்குப் புதிதன்று. நம் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லக் கேட்கிறோம். கந்தசட்டியில் சூரன்போர் பார்க்கிறோம். முடிவு தெரியும் என்று எவரும் வீட்டில் இருந்துவிடுவதில்லை. வீதியில் சூரனின் தலை விழுவதை மட்டும் கண்ட குழந்தை, கெட்டவன் ஒழிந்தான் என்று துள்ளுகிறது. புராணம் கேட்டவரோ, அவன் மயிலும் சேவலுமாகி முருகனிடமே சேர்ந்தான் என்பதை அறிந்து கைகூப்புகிறார். காட்சி ஒன்றே, கேள்வி ஞானம் இருவரையும் வேறாக்கிவிடுகிறது.

ஆனால் நூலைக் கையில் எடுத்தவரெல்லாம் வாசித்தவராகார். றூ கருமை கலந்த பழுப்பு நிறத்தவள் என்று நூலில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 2012இல் படம் வெளிவந்தபோது, கறுப்பினச் சிறுமி ஒருத்தி றூவாக நடித்ததைக் கண்டு நூலின் இரசிகர் சிலரே ருவிற்றரில் முகஞ்சுளித்தனர். தாம் விரும்பிய முகத்தையே அவர்கள் வாசித்திருந்தனர், எழுதியிருந்ததை வாசிக்கவில்லை. எனவே முந்தி வாசித்தால் மட்டும் போதாது. நின்று வாசிக்கவும் வேண்டும்.

சகோதர சகோதரிகளே! படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை ஒரு கதை திரைக்கு வருகிறதென்று கேள்விப்பட்டால், முதலில் அந்த நூலைத் தேடுங்கள். நம் மன்ற நூல்நிலையத்தில் இல்லையென்றால், நால்வர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாறி மாறி வாசியுங்கள். பின்னர் சேர்ந்தே படத்துக்குப் போங்கள். கைதட்ட வேண்டிய இடம் எது, கை நடுங்க வேண்டிய இடம் எது என்பது அப்பொழுது உங்களுக்கே தெரியும்.