துப்பறியும் கதையும் எழுத்துப் பயிற்சியும்



துப்பறியும் கதை இலக்கியம் ஆகுமா என்பது பழைய வினா. எழுதக் கற்கும் மாணவர்க்கு அக்கதை என்ன பயன் தரும் என்பதே இன்று என் பொருள்.

ஆர்தர் கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட 'சில்வர் பிளேஸ்' என்னும் சிறுகதையில், பந்தயக் குதிரை ஒன்று இரவில் லாயத்திலிருந்து மறைகிறது. அங்கிருந்த நாய் குரைக்கவில்லை. ஆகவே, வந்தவன் நாய்க்குப் பழகியவன் என்று ஹோம்ஸ் உய்த்துணர்கிறார். லாயத்தில் நாய் இருந்ததும், பரணில் உறங்கிய பையன்களின் காதில் எவ்வொலியும் விழாததும் முன்பே நமக்குச் சொல்லப்பட்டவைதாம். ஆசிரியர் நம்மை ஏமாற்றவில்லை. நாமே கவனிக்கத் தவறினோம்.

இக்கதையை முடிவு நீக்கி வகுப்பில் வழங்கலாம். குற்றவாளியை ஊகிப்பதன்று பயிற்சி. ஒவ்வொரு செய்தியும் அவ்விடத்தில் ஏன் வைக்கப்பட்டது என்று மாணவர் விளக்க வேண்டும். அடுத்து, ஒரு தாயின் துயரத்தை, அச்சொல்லின்றி, அவள் அன்று செய்யாது விட்ட ஒரு செயலால் மட்டும் உணர்த்தி எழுதச் சொல்லலாம். அந்தி சாய்ந்தும் விளக்கேற்றப்படாத வீடு ஒன்றே போதும். சங்கப் பாடல்களில் இறைச்சிப் பொருள் கண்டோர்க்கு இந்நெறி புதிதன்று.

எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடும் இளம் எழுத்தாளர் வாசகரை நம்புவதில்லை. அந்நம்பிக்கையைத் துப்பறியும் கதை கற்பிக்கிறது. ஆனால், அதன் இறுதிப் பக்கத்தில் எல்லாப் புதிரும் அவிழ்ந்துவிடும். வாழ்க்கையில் அவ்வாறு அவிழ்வதில்லை. ஆதலின் அதன் ஒழுங்கைக் கற்போம். முடிவை நம் வாழ்விலிருந்தே எழுதுவோம்.